உறையாத பால்

நிபோங் திபால், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் மேல்மாடி.
ஐந்து நாள் பயிற்சி. பதினோரு பேர்.
காலை எட்டரைக்குக் கையெழுத்து.
தோட்டத்தில் இதற்குப் பெரட்டு என்று பெயர்,
இங்கே வருகைப் பதிவு.

முதல் நாள் ஓய் கெங் சூன் கேட்டார்:
"பல்கலைக்கழகத்திலிருந்து தொழிற்சாலை
எவ்வளவு தூரம்?"
பதினாறு கிலோமீட்டர் என்றான் ஹைருல், போனைப் பார்த்து.
"என் கடைசிக் கோப்புக்கு ஒன்பது வருடம்,"
என்றார் ஓய், சிரிக்காமல்.

எனக்கு வந்தது ரப்பர்ப் பால் கோப்பு.
மரத்தை விட்டு இறங்கியதும்
பாலுக்கு ஒரு அவசரம்;
மத்தியானத்துக்குள் கட்டிப்போகும்.
அம்மோனியா ஊற்றி நிறுத்தி வைப்பார்கள்,
கண் எரிய, மூக்கு எரிய.
டாக்டர் நோர் ஹஸ்லிண்டா ஊற்றியது
செம்பனைக் குலை எரித்த சாம்பலின் தெளிநீர்.
ஆலைகள் காசு கொடுத்துக் கொட்டும் சாம்பல்.
ஆறு நாள் பால் பாலாகவே இருந்தது.

இரண்டாம் நாள் காப்புரிமை.
டாக்டர் இதை ஹட்யாய் மாநாட்டில்
படம் போட்டுச் சொல்லிவிட்டார்,
பத்து மாதம் முன்பு; கைதட்டலும் வாங்கினார்.
இங்கே ஓராண்டு பொறுப்பார்கள்.
சில நாடுகள் ஒரு நாளும் பொறுக்கா.
'வாய் திறந்த வேளையில் வாசல் மூடியது'
என்று குறிப்பேட்டில் எழுதி, அடித்தேன்.
அழகாக இருந்தது. பயன் இல்லை.
எழுத வேண்டியது: மீதம் ஐம்பத்தெட்டு நாள்.

மூன்றாம் நாள் விற்கக் கற்றோம்.
கையுறைத் தொழிற்சாலையிலிருந்து தியோ வந்தார்,
நிஜ மேலாளர், நிஜ அலுப்பு.
மூன்று நிமிடம் பேசினேன்,
மூலக்கூறு, பாகுநிலை, செலவுக் குறைப்பு.
அவர் கேட்டது ஒன்றே:
"கையுறை சாம்பல் நிறத்தில் வருமா?"
கோப்பில் இருநூற்றுப் பத்துப் பக்கம்.
நிறம் பற்றி ஒரு வரி இல்லை.

இரவு ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டேன்.
எடுத்தது உதவியாளர் புனிதமலர்.
"மஞ்சளா வரும் அக்கா, சாம்பலா இல்ல.
ரெண்டு தடவை வடிகட்டினா அதுவும் போயிரும்.
எழுதி வச்சிருக்கேனே."
எங்கே?
"பதிவேட்டுல. நாற்பத்தேழாம் பக்கத்துலேர்ந்து."

மறுநாள் படம் எடுத்து அனுப்பினாள். நீல மை.
'வெள்ளி. அம்மோனியா தீர்ந்தது. ஸ்டோரில் ஆள் இல்லை.
பக்கத்து மேசைச் சாம்பல் நீரில் காரம் பார்த்தேன், பதினொன்று.
அதை ஊற்றிப் பார்க்கிறேன்.
திங்கள். கட்டவில்லை.'
அடியில் பென்சிலில்:
'டாக்டரிடம் சொன்னேன். நல்லது என்றார்.'

கண்டுபிடித்தோர் என்ற கட்டத்தில்
தட்டச்சில் மூன்று பெயர்:
டாக்டர், அவர் இணைப் பேராசிரியர்,
ஆய்வுப் பணம் வாங்கித் தந்த துறைத் தலைவர்.

ஓயிடம் காட்டினேன்.
"சொன்னதைச் செய்தவர் கண்டுபிடித்தவர் ஆகமாட்டார்."
சரி, யாரும் சொல்லாததைச் செய்தவர்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
"விட்டால், பிறகு ஒரு நாள் காப்புரிமையே விழலாம்.
போட்டால், நாளைக்கே உனக்குத் தலைவலி."
அவ்வளவுதான். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்,
உரிமத் தொகை, விழுக்காடு.

ஐந்தாம் நாள் பொரித்த மீகூன், குழுப்படம், சான்றிதழ்.
லோகேஸ்வரியில் ஒரு எழுத்தைக் காணோம்.
பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு
பத்தே நிமிடத்தில் புதிதாக அச்சடித்துத் தந்தார்கள்.

கீழே சம்பள வெள்ளி.
பணம் அனுப்பும் கடை வாசலில்
வங்காளதேசத்துப் பையன்கள் வரிசை.
ஊரைச் சுற்றிச் செம்பனைதான்;
எங்கோ ஒரு மூலையில் யாரோ இன்னும்
பால்மரம் சீவுகிறார்கள் போல,
கடந்த லாரி ஒன்று
அம்மோனியாவை வீசிவிட்டுப் போனது.

பஸ் நிறுத்தத்தில் படிவத்தை மடியில் விரித்தேன்.
முழுப் பெயர் தெரியவில்லை, அவளையே கேட்டேன்.
"எதுக்குக்கா?"
அடையாள அட்டை எண்ணும் வேண்டும் என்றேன்.
அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
"டாக்டருக்குத் தெரியுமா?"
இன்னும் இல்லை.
மெஷினை நிறுத்தினாள்.
பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்,
நான் தப்பாக எழுதிவிடுவேன் என்பதுபோல.

டாக்டர் கையெழுத்துக்குக் கட்டம் காலி.
மேல் ஓரத்தில் ஐம்பத்தைந்து என்று எழுதி
வட்டம் போட்டேன்.